மகள் கல்லூரியை ஒரு வருஷம் தள்ளிப்போட்டு தேசிய சேவைக்குப் போகிறேன் என்கிறாள்: உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

தோட்டத்துமல்லி · 6 மே 2023

வணக்கம். டல்லாஸ் பக்கம் பதினாறு வருஷமாக இருக்கிறோம். மூத்தவள் இந்த மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து முன்பணமும் கட்டியாகிவிட்டது. போன வாரம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். கல்லூரியில் சேருவதை ஒரு வருஷம் தள்ளிவைக்க அனுமதி கேட்டிருக்கிறாளாம். அமெரிகார்ப்ஸ் என்.சி.சி.சி. என்று ஒரு திட்டம், பத்து மாதம் முகாமில் தங்கிச் சேவை செய்யவேண்டுமாம். அவள் அப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். நான்கு நாளாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை, நடுவில் நான்.

எனக்கு நம் ஊர் என்.சி.சி. தெரியும். இதில் ஒரு 'சி' கூடுதலாக இருக்கிறது. ராணுவமா? எங்கே படுப்பாள், யாரோடு இருப்பாள்? அவள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம், என்ன கொடுப்பார்கள்? அவர்களுடைய இணையதளத்தில் எல்லாப் படத்திலும் பிள்ளைகள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் யாராவது சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ராரிட்டன்கரை · 6 மே 2023

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் எழுந்துபோனது எனக்குப் புரிகிறது. என் மகனும் பள்ளி முடித்ததும் இதே மாதிரி ஒரு வருஷம் கேட்டான். நான் கூடாது என்றேன். சேவை வேண்டாம் என்பதல்ல. நாம் இங்கே தனியாக வந்து நின்றவர்கள். நமக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்துத் தெருவில் சித்தப்பா கிடையாது, அத்தை கிடையாது. படிப்பு ஒன்றைத்தான் நாம் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகமுடியும். அதில் இடைவெளி விழுந்து, திரும்பப் போக மனசு வராமல் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இதில் கொடுப்பது கைச்செலவுக்குக் காணாது என்று படித்தேன். அரசாங்கம் கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலையைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் சேவை என்று சொல்லி வாங்குகிறதோ? தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

செம்மண்கால் · 7 மே 2023

ஆன்ட்டி, நான் போய் வந்தவள். 2016இல், மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் முகாம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது ஒஹாயோவில் நர்ஸாக இருக்கிறேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

ராணுவம் இல்லை. அந்த மூன்று 'சி'களில் ஒன்று 'சிவிலியன்' என்பதற்குத்தான். 1993இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் அமெரிகார்ப்ஸ் என்கிற அரசுச் சேவை அமைப்பு பிறந்தது. அதில் தங்கிச் செய்கிற பிரிவு இது. இதற்கு முன்னோடி, ரூஸ்வெல்ட் 1933இல் ஆரம்பித்த சி.சி.சி. பொருளாதாரம் விழுந்து கிடந்த காலத்தில் வேலையில்லாத இளைஞர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பி மரம் நட்டு, பாதை போட வைத்தார்கள். மாதம் 30 டாலர், அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942இல் மூடுவதற்குள் சுமார் 30 லட்சம் பேர் அதில் இருந்திருக்கிறார்கள். டெக்சாஸில் ஸ்டேட் பார்க்குகளுக்குப் போயிருப்பீர்கள். பழைய கல் கட்டடம் கண்ணில் பட்டால் பெயர்ப் பலகையைப் பாருங்கள், பல இடங்களில் அவர்கள் கட்டியதுதான்.

எங்களுக்கும் சீருடை உண்டு, விடிகாலை உடற்பயிற்சி உண்டு. துப்பாக்கி கிடையாது. பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம், யாரும் பிடித்துவைக்க மாட்டார்கள். ஆனால் காரணமில்லாமல் பாதியில் வந்தால், முடித்தவர்களுக்குக் கிடைக்கும் படிப்புத் தொகை கிடைக்காது. அந்தத் தொகை பெல் மானியத்தின் (வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் கல்லூரி உதவி) உச்ச அளவு. 2023-24க்கு 7,395 டாலர். ஏழு வருஷத்துக்குள் கல்லூரிக்கோ, படிப்புக் கடனுக்கோ பயன்படுத்தலாம். அதற்கு வரி உண்டு, இதை யாரும் முதலில் சொல்வதில்லை. சில கல்லூரிகள் தங்கள் பங்குக்கு அதே அளவு சேர்த்துக் கொடுக்கும், உங்கள் மகள் சேரப்போகும் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது 18 முதல் 26 வயது வரை சேரலாம். பத்து மாதத்தில் 1,700 மணி நேரம் முடிக்கவேண்டும். முதல் சில வாரம் முகாமில் பயிற்சி. முதலுதவி, கருவிகளைப் பிடிக்கும் முறை, பெரிய வேன் ஓட்டுவது. அப்புறம் பத்துப் பன்னிரண்டு பேராகக் குழு பிரிப்பார்கள். யாரோடு இருக்கிறோம் என்பது நம் கையில் இல்லை. குழுவுக்கு ஒரு டீம் லீடர், பதினைந்து பேர் உட்காரும் ஒரு வேன். ஆறு, எட்டு, பன்னிரண்டு வாரம் ஓர் ஊரில் ஒரு வேலை, திரும்ப முகாம், சில நாளில் அடுத்த ஊர். வெளியூரில் தங்கிச் செய்வதை 'ஸ்பைக்' என்போம். எங்களை அழைத்த அமைப்புக்கு 'ஸ்பான்சர்' என்று பெயர்.

படுக்க இடம் ஊருக்கு ஊர் மாறும். சர்ச் ஹால், மூடிப்போன பள்ளிக்கூடம், காட்டுக்குள் கோடைக் குடில். பெண்கள் தனியாகப் படுப்போம். மடக்குக் கட்டில், ஸ்லீப்பிங் பேக். ஓர் ஊரில் பன்னிரண்டு பேருக்கு ஒரே குளியலறை. கதவில் தாள் ஒட்டி நேரம் எழுதிவைத்தோம், ஆளுக்கு எட்டு நிமிடம்.

சாப்பாட்டுக்குக் குழுவுக்கென்று பணம் வரும். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு பேர் போய் சாமான் வாங்கி வரவேண்டும். சமையல் முறைவைத்து, இரண்டிரண்டு பேராக. நானும் சைவம்தான். முதல் இரண்டு வாரம் ரொட்டி, பீநட் பட்டர், வாழைப்பழம் என்றே ஓடியது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, சைவத்துக்கு என்ன சமைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். என் முறை வந்தபோது சர்ச் சமையலறையில் விருந்துக்கு வைத்திருந்த பெரிய பாத்திரத்தில் தக்காளி சாதம் கிளறினேன். காய்ந்த மிளகாய் தாளித்த நெடியில் பாதிப் பேர் வெளியே ஓடினார்கள். அரை மணி நேரம் கழித்து அதே ஆட்கள் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் சாமான் பட்டியலில் தக்காளி நான் எழுதாமலே இருக்கும்.

ஒன்று மட்டும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். வேலை அவ்வளவு கஷ்டமில்லை. ஆட்களோடு இருப்பதுதான் கஷ்டம். எங்கள் குழுவில் ஒருவன் பண்ணை வீட்டுப் பிள்ளை, சின்ன வயதிலிருந்தே டிராக்டர் ஓட்டியவன். ஒருத்தி வளர்ப்பு வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவள், பதினெட்டு முடிந்ததும் போக்கிடம் இல்லாமல் இங்கே வந்தவள். ஒருவன் வசதியான வீடு, வாழ்நாளில் தட்டு கழுவியதில்லை. அவன் கழுவாமல் போட்டுவைத்த ஒரு சாஸ் பானுக்காக இரவு பத்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம். ஒரே வேனில் வந்து, ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிறோம். கோபித்துக்கொண்டு போய் உட்கார வேறு அறை கிடையாது. நான் வீட்டில் ஒரே பிள்ளை. எனக்கு முதல் மாதம் தினமும் அழுகை.

தோட்டத்துமல்லி · 7 மே 2023

கண்ணு, ரொம்ப நன்றி. அவள் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "தினமும் அழுகை" வந்ததும் "பார்த்தாயா" என்றார். அப்படியிருந்தும் நீ ஏன் திரும்பி வரவில்லை? அதைச் சொல்.

செம்மண்கால் · 8 மே 2023

ஏன் வரவில்லை என்று எனக்கே யோசிக்கவேண்டியிருந்தது, ஆன்ட்டி. நேற்று இரவுப் பணியில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்ட் மாதத்தைச் சொல்கிறேன்.

2016 ஆகஸ்டில் லூசியானாவில் பேட்டன் ரூஜ் சுற்றுவட்டாரத்தில் விடாமல் மழை. மூன்று நாளில் சில இடங்களில் இரண்டு அடிக்கு மேல் கொட்டியது. அது புயல் இல்லை, அதனால் அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் நாட்டின் மற்ற பகுதிகளில் பலருக்கு அது நடந்ததே தெரியாது. அமீட் ஆறு அதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறி, டென்ஹாம் ஸ்பிரிங்ஸில் பெரும்பாலான வீடுகளுக்குள் போய்விட்டது. செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தி எங்களை அந்தப் பக்கம் அனுப்பினார்கள்.

வெள்ளம் வடிந்த வீட்டில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். தண்ணீர் போய்விட்டது, கழுவிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லையே, மரச்சட்டம், நடுவில் பஞ்சு, மேலே ஷீட்ராக் பலகை. பஞ்சு தண்ணீரைக் குடித்துவிடும். அந்த வெயிலில் சில நாளிலேயே சுவருக்குள் பூஞ்சணம் ஏறிவிடும். அதனால் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குக் கோடு போட்டு, அதற்குக் கீழே இருக்கிற பலகை முழுவதையும் உடைத்து எடுத்து, நனைந்த பஞ்சை உருவி, சட்டத்தில் இருக்கிற ஒவ்வோர் ஆணியையும் பிடுங்கவேண்டும். கம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் தூக்கமுடியும், அவ்வளவு கனம். ஃபிரிட்ஜைத் திறக்கவே கூடாது. டேப்பைச் சுற்றிக் கட்டி அப்படியே தெருவுக்குத் தள்ளவேண்டும். முகமூடி, கண்ணாடி, கையுறை, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். உள்ளே மூச்சு முட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிப்போம்.

ஒரு வீட்டில் எழுபது தாண்டிய பெரியவர், தனியாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொருளையும் அவரிடம் காட்டவேண்டும், அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் குப்பைக் குவியலில் போடலாம் என்றார். ஒரு நாளில் முடியவேண்டிய வீடு. அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகள் எங்களுக்காகக் காத்திருந்தன. மதிய இடைவேளையில் குழுவுக்குள் சண்டை. பாதிப் பேர், அவரிடம் பேசி வேகமாக முடிப்போம் என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான். தட்டு கழுவாத பையன் மட்டும், "அவருக்கு இருக்கிறது இதைப் பார்க்கிற உரிமை மட்டும்தான், அதையும் நாம் எடுக்கவேண்டாம்" என்றான். டீம் லீடர் அவன் சொன்னபடியே செய்யலாம் என்றாள்.

இரண்டு நாள் ஆனது. புத்தகம், போர்வை, மைக்ரோவேவ், செருப்பு, எல்லாவற்றையும் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவர் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள். துருப்பிடித்த காப்பி டப்பா, நிறைய திருகாணி. அதைத் தோட்டக் குழாயில் கழுவி, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் துண்டில் பரப்பி வெயிலில் காயவைத்தார். நீளத்துக்கு ஒரு வரிசை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அடுக்கிக் கொடுத்தேன். எங்கள் இருவருக்குள்ளும் பேச்சே இல்லை.

அன்று இரவு அந்தப் பையன் எல்லாருடைய தட்டையும் கழுவினான் என்று சொல்ல ஆசைதான். கழுவவில்லை, மறுபடி சண்டைதான். ஆனால் எனக்கு அவன் மேல் இருந்த பார்வை மாறிவிட்டது. வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பு அதற்கப்புறம் வரவில்லை. வார்டில் இப்போது ஒரு வயதானவர் தன் பையில் இருக்கிறதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்போது நான் அவசரப்படுத்துவதில்லை.

இருபத்தொன்று · 8 மே 2023

செம்மண்கால் அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் ஒன்று சேர்க்கவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பலருக்கு இது தெரியாது. இந்தத் திட்டத்தில் குடிமக்களோ கிரீன் கார்டு உள்ளவர்களோதான் சேரமுடியும். நான் ஆறு வயதில் இங்கே வந்தேன். அப்பா எச்-1பி வேலை விசா, நாங்கள் அவரைச் சார்ந்து எச்-4 விசா. பள்ளி முடித்த வருஷம் என் நண்பன் ஒருவன் இதற்கு விண்ணப்பித்தான். நானும் அவனோடு உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன். குடியுரிமை கேட்கிற இடத்திலேயே நின்றுவிட்டது.

அவன் கொலராடோ பக்கம் போய்க் காட்டுத்தீ வேலைக்குப் பயிற்சி எடுத்தான். முதுகில் 45 பவுண்டு சுமந்துகொண்டு மூன்று மைலை 45 நிமிடத்துக்குள் நடந்து காட்டவேண்டுமாம். தேறிவிட்டேன் என்று போன் பண்ணினான். நான் இங்கே சனிக்கிழமைதோறும் உணவு வங்கியில் பெட்டி கட்டினேன். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் "இந்த நாட்டுக்காக" என்று உறுதிமொழி எடுக்க அவனுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. இருபத்தொன்று ஆனதும் எச்-4 போய்விட்டது, இப்போது மாணவர் விசாவில் இருக்கிறேன். பொறாமையில் எழுதவில்லை அக்கா. வாய்ப்பு உள்ள பிள்ளை கேட்கும்போது அப்பா அம்மா கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ராரிட்டன்கரை · 9 மே 2023

தம்பி, உன் நிலைமை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் கிரீன் கார்டு வரும்வரை அந்தப் பயம் இருந்தது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

செம்மண்கால் அம்மா, நீங்கள் எழுதியது மனசைத் தொட்டது. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. அவ்வளவு வெயிலில் பூஞ்சணத்துக்குள் வேலை. அதற்குக் கொடுத்தது என்ன?

செம்மண்கால் · 9 மே 2023

நியாயமான கேள்வி, அங்கிள். நான் இருந்தபோது பத்து மாதத்துக்கும் சேர்த்துச் சுமார் 4,000 டாலர். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, மருத்துவக் காப்பீடு, முகாமுக்குப் போய்வரும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இருந்தாலும் மணிக்கணக்குப் போட்டால் கூலி என்று சொல்லமுடியாது. வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய பிள்ளை இதில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். எங்கள் குழுவில் ஒருத்தி அந்தக் காரணத்துக்காகவே யோசித்து யோசித்து இருந்தாள். இதை உயர்த்தவேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஏற்கெனவே சம்பளத்துக்கு இருக்கும் ஒருவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்களைப் போடக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் எங்களுக்குப் பதிலாக யாரும் கூலிக்கு வந்திருக்க மாட்டார்கள், கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் எல்லா வேலையும் அப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு ஸ்பான்சர் எங்களை மூன்று வாரம் கிடங்குக்குப் பெயின்ட் அடிக்க வைத்தார். அடித்த சுவருக்கே மறுபடி அடித்தோம். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

கூடாரவாசி · 10 மே 2023

இதுவரை முடித்தவர்தான் பேசியிருக்கிறார். நான் நான்காவது மாதத்தில் விட்டுவிட்டு வந்தவன். அதையும் ஒரு தாய் கேட்கவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலை பிடித்தது. சீனப் பிரிவெட் என்று ஒரு செடி, தெற்கு மாநிலக் காடுகளில் நம் ஊர்ச் சீமைக்கருவேலம் மாதிரிப் பரவி மற்றதை வளரவிடாது. அதை வெட்டி, வெட்டின அடிக்கட்டையில் உடனே மருந்து தடவவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் திரும்பத் துளிர்க்கும். காலையில் மூடிக் கிடந்த இடத்தில் சாயங்காலம் ஓடை தெரியும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ஹாலில் ஆறு பேர், ஒருவன் ஒன்றரை மணிவரை பேசுவான், ஒருவன் குறட்டை. எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே பதற்றம் அதிகம், வீட்டில் அதைப் பற்றிப் பேசியதில்லை. அங்கே தனியாக இருக்க ஐந்து நிமிடம் கிடைக்காது. வேனின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். டீம் லீடர் நல்லவர், அவருக்கும் இருபத்து மூன்று வயதுதான், அவரால் முடிந்ததைச் செய்தார். கடைசியில் நானே போகிறேன் என்றேன். படிப்புத் தொகை போனது. அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் விமான நிலையத்துக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். அதற்கு அவருக்கு என்றைக்கும் நன்றி.

ஆன்ட்டி, உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள்: கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வாய்? அதற்குப் பதில் இருந்தால் அனுப்புங்கள். திரும்பி வந்தால் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதையும் போகும்போதே சொல்லிவிடுங்கள்.

தாமிரபரணி · 11 மே 2023

நான் திருநெல்வேலியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியன். மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், அவன்தான் இந்த இழையைக் காட்டினான். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் கிராமத்தில் தங்கும் சிறப்பு முகாம்.

எங்கள் முகாம் ஒரு ஆரம்பப் பள்ளியில். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். குளத்துக்கு வரும் கால்வாயைத் தூர்வாரினோம். மூன்றாம் நாள் ஊர்க்காரர் ஒருவர் வந்து என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, பிடிக்கிற முறையைக் காட்டினார். "நீங்க வந்து எங்களுக்குச் செய்றீங்களா, நாங்க உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா?" என்று கேட்டார். ஏழு நாளில் எங்களால் அதிகம் செய்ய முடியவில்லை, அதுதான் உண்மை. கை பழகும்போது முகாம் முடிந்துவிட்டது. அதனால்தான் பத்து மாதம் என்பதைக் கேட்டதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அனுப்பிவையுங்கள் தாயே.

தோட்டத்துமல்லி · 20 ஆகஸ்ட் 2023

எல்லாருக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னிக்கவும். கூடாரவாசி தம்பி சொன்ன கேள்வியை அவளிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உன்னிடம்தான், ஆனால் நீ உடனே வா என்று சொல்லக்கூடாது" என்றாள். சரி என்றேன்.

கல்லூரி ஒரு வருஷத்துக்கு இடத்தைப் பிடித்துவைப்பதாக எழுத்தில் கொடுத்துவிட்டது. உதவித்தொகையும் அப்படியே இருக்கும். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் அவள் அப்பா வாய் திறந்தார். பூட்ஸ் வாங்க அவரே கூட்டிப்போனார். கடையில் இரண்டு மணி நேரம், நடந்து காட்டு, குனிந்து காட்டு, படியேறிக் காட்டு. அவருக்குச் சொல்லத் தெரிந்த விதம் அதுதான். அவள் கொண்டுபோகும் பையில் ஒரு டப்பா சாம்பார்ப் பொடியும் ஒரு டப்பா புளிக்காய்ச்சலும் வைத்திருக்கிறேன்.

தோட்டத்துமல்லி · 3 மார்ச் 2024

செம்மண்கால் கண்ணு கேட்டிருந்தாய், அதனால் எழுதுகிறேன். முதல் மாதம் நீ சொன்ன மாதிரிதான், போனில் அழுகை. "வா" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அப்புறம் போன் வருவதே குறைந்துவிட்டது, அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது என்ன வேலை தெரியுமா? வருமான வரிப் படிவம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மையம். வரித்துறையின் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் உட்கார வைப்பார்களாம். மூன்று பிள்ளைகளோடு இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா போன வாரம் வந்தாராம். உழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு திருப்பிக் கொடுக்கும் தொகை ஒன்று இருக்கிறதாமே, அது தனக்கு வரும் என்றே அவருக்குத் தெரியாதாம். கணக்குப் போட்டு முடித்ததும் திரையில் வந்த எண்ணைப் பார்த்து, "மறுபடி போட்டுப் பார்" என்றாராம். இவளும் மறுபடி போட்டாள், அதே எண். மூன்றாவது தடவை மேற்பார்வையாளரும் வந்து பார்த்தார். அந்த அம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம். என் மகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

இதைச் சொல்லும்போது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

ராரிட்டன்கரை · 4 மார்ச் 2024

நான் தொழிலால் கணக்காளன். அந்தப் படிவம் எனக்குத் தினசரி வேலை. அந்தத் தொகை தகுதி உள்ள எத்தனையோ பேருக்குப் போய்ச் சேராமலே இருக்கிறது, தெரியாததால் கேட்பதில்லை. தெரிந்தவர்களிலும் பலர் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைக்காரருக்குச் சில நூறு டாலர் அழுதுவிடுகிறார்கள். உங்கள் மகளால் அந்த அம்மாவுக்கு அந்தப் பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கொடுக்கிற தொகை போதாது என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வரிக் காலத்தில் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் இதே இலவச மையம் நடக்கிறது. அடுத்த வருஷத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மகனையும் கேட்டேன். வருகிறேன் என்றான்.

செம்மண்கால் · 17 ஏப்ரல் 2025

பழைய இழையைத் தேடிப்பிடித்து எழுதுகிறேன். செய்தி பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் செலவுக் குறைப்பில் என்.சி.சி.சி. முகாம்களில் இருக்கிற எல்லாரையும் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை சொன்னார்களாம். குறிப்பிட்ட அளவு மணி நேரம் முடித்தவர்களுக்குப் படிப்புத் தொகை அந்த விகிதத்தில் கிடைக்கும். எங்கள் பழைய குழுவின் வாட்ஸ்அப் ஒன்பது வருஷமாக உயிரோடு இருக்கிறது, பிறந்தநாளுக்கு மட்டும் பேசும். நேற்று இரவு முழுக்கப் பேசியது.

ஹெலீன் புயல் போன செப்டம்பரில்தானே வந்தது? வட கரோலினாவில் இன்னும் எத்தனை வீடுகளின் சுவரைப் பிரிக்கவேண்டியிருக்கும்? என் மனசு அந்தப் பிள்ளைகளிடமும் அந்த வீடுகளிடமும்தான் இருக்கிறது. பாதி வேலையில் பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு வேனில் ஏறுவது எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆன்ட்டி, உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்?

தோட்டத்துமல்லி · 21 ஏப்ரல் 2025

அவள் போன வருஷம் முழுசாக முடித்துவிட்டாள் கண்ணு, இப்போது கல்லூரியில் முதல் வருஷம் முடியப்போகிறது. செய்தி வந்த அன்று இரவே போன் பண்ணினாள். மிசிசிப்பி பக்கமிருந்து மூன்று பிள்ளைகள் ஒரு காரில் மேற்கே போகிறார்களாம், ஐ-20 சாலையில் நம் ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும், ஓர் இரவு படுக்க இடம் கொடுப்பாயா அம்மா என்றாள். அவளுக்கே அவர்களை நேரில் தெரியாது, யாரோ ஒருவர் வழியாகக் கேட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு பையன். சீருடை டீ-ஷர்ட்டைக் கழற்றவில்லை. ஹாலில் மெத்தை விரித்தோம். அவள் அப்பா அந்தப் பையனிடம் என்ன வேலை செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். வயதானவர்கள் வீட்டுக்குச் சாய்வுப் பாதை கட்டிக்கொண்டிருந்தோம், ஒரு வீட்டில் கைப்பிடி மட்டும் பாக்கி என்றான். கைப்பிடி எந்த உயரம், எத்தனை ஆணி என்று நள்ளிரவுவரை இரண்டு பேரும் தாளில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

காலையில் இட்லி ஊற்றினேன், இரண்டு டப்பா மாவு தீர்ந்தது. பிள்ளைகள் பசியோடுதான் வந்திருக்கிறார்கள். கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன், நீங்கள் கிளம்பினால் கதவைச் சாத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது போய்விட்டிருந்தார்கள். மெத்தைகள் மடித்திருந்தன. சமையலறையில் இட்லித் தட்டு, சாம்பார்ச் சட்டி, நேற்றைய பால் பாத்திரம் உட்பட எல்லாம் கழுவி, துண்டு விரித்து, அளவு வாரியாகக் கவிழ்த்து வைத்திருந்தது.